பன்னெண்டாவது நிமிஷம்

— குனிடா! தலையைக் கீழ வை. அந்தப் பக்கம் பூரா ரசிகருங்க உன்னைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க.

— தேடட்டும் அக்கா. முதல்ல ரெண்டு குச்சி கணவாய் குடு. வயிறு ஒட்டிக் கிடக்கு.

— ஆட்டக்காரங்க தெருவோரத்துல திங்கக் கூடாதுன்னு உங்க கிளப்புல சட்டம் இருக்குல்ல?

— இன்னிக்கு எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது. காரம் தூக்கலாப் போடு.

— என் தலையெழுத்து! முட்டியில தோலே இல்லையேடா. வலிக்குதா?

— ஒண்ணுமே தெரியலை. சீரகத்தை இன்னும் கொஞ்சம் தூவு. அக்கா, உண்மையைச் சொல்லு. என் ஆட்டத்தைப் பாத்தியா?

— பாத்தேன்டா.

— எந்த நிமிஷத்துலேருந்து பாத்த?

— பதினாலாவது நிமிஷத்துலேருந்து. ஆட்டம் ஆரம்பிச்ச பிறகும் கூட்டம் கடையை விட்டு நகர மாட்டேங்குது. அடுப்பை அணைச்சுட்டு எப்பவும்போல ஓடினேன். எப்பவும்போல முதல்ல பெஞ்சைத்தான் பாத்தேன். நீ அங்க இல்லை. காலை கீலை முறிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னே நினைச்சுட்டேன்.

— நான் பெஞ்சுல இல்லைன்னா ஆஸ்பத்திரியிலதான் இருக்கணுமா?

— வேற எங்கடா இருப்ப? எட்டு ஆட்டம்! எட்டுலயும் நான் உள்ள நுழையிறப்ப நீ தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்ப. ஊரே பாத்த என் தம்பியை நான் மட்டும் பாத்ததில்லை.

— ஊர் என்னத்தப் பாத்துச்சு? ஆட்டத்துக்குப் பன்னெண்டு நிமிஷம். எட்டையும் கூட்டினா ஒரு முழு ஆட்டம் தேறும், அவ்வளவுதான்.

— இளசுங்களை வளக்கணும்னு மேல இருக்கிறவங்க ஒரு சட்டம் போட்டா, உங்க ஹாவ் கோச் அதுக்குள்ளயும் ஒரு சந்து கண்டுபிடிக்கிறான் பாரு. இருபத்திரெண்டு வயசுக்குக் கீழ ஒருத்தன் முதல் பதினோரு பேருல இருக்கணும், அவ்வளவுதானே? இந்தா, இறக்கிட்டேன். பன்னெண்டு நிமிஷம் ஆச்சா, இந்தா, எடுத்துட்டேன். மனுஷனா அவன்?

— அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை அக்கா. பாதி கிளப்புல இதேதான் நடக்குது.

— நடக்கட்டும். என் தம்பியை ஏன் செய்யணும்? காலையில நீ போன்ல சொன்னதுலேருந்து எனக்குக் கையே ஓடலை தெரியுமா. 'அக்கா, அடுத்த வாரம் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் வர்றான், சட்டத்துக்கு இனிமே அவன் போதும், எனக்கு இதுதான் கடைசி'ன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு வெச்சுட்ட. எட்டு வயசுல உன்னைப் பயிற்சிப் பள்ளிக்கு பஸ் ஏத்திவிட்டவ நான். பதிமூணு வருஷம்டா ஹைச்செங். பதிமூணு வருஷமும் இன்னிக்குப் பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சு போயிடுமேன்னு, நறுக்கின கணவாயையே திரும்பத் திரும்ப நறுக்கிக்கிட்டு இருந்தேன்.

— அதான் இது இவ்வளவு பொடிசா இருக்கா?

— பேச்சை மாத்தாத. அழுதியா காலையில?

— அழுதேன். குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு.

— என் தலையெழுத்து. இந்தா, இன்னொரு குச்சி தின்னு.

— நீ எங்க நின்ன? கோல் விழுந்தப்ப எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு.

— படிக்கட்டுல நின்னுக்கிட்டு, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போச்சுன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்த ஆளு 'முப்பத்தேழு! முப்பத்தேழு!'ன்னு கத்துறாரு. அது உன் நம்பராச்சேன்னு திரும்பினா, பந்து உன் கால்ல. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லை. நீ பாட்டுக்கு நடந்து போற மாதிரி போயி, கோலி எந்தப் பக்கம் சாயுறான்னு பாத்து, அந்தாண்ட தள்ளி விட்ட. என் கையில ஒரு குச்சி கணவாய் இருந்துச்சு. அதைத் தூக்கி எறிஞ்சுட்டேன். முன்னாடி இருந்த வழுக்கைத் தலையில போய் ஒட்டிக்கிச்சு.

— அவரு ஒண்ணும் சொல்லலையா?

— சொன்னாரே. அதை எடுத்துத் தின்னுட்டு, 'உப்பு கம்மி'ன்னாரு.

— ஹா!

— நீ சிரி. நான் பெருசா அழுதேன்டா. வெக்கமே இல்லாம அழுதேன். ஆனா ஒண்ணு மட்டும் இப்பவரைக்கும் விளங்கலை. பதினஞ்சாவது நிமிஷத்துல நீ எப்படி உள்ள இருந்த? அந்த ஹாவுக்குத் திடீர்னு மனசு இரங்கிருச்சா?

— நீ அதைப் பாக்கவே இல்லையா?

— எதை?

— ஐயோ அக்கா! அதுதானே இன்னிக்குக் கூத்து! கோலை விடு, ஊரே அதைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கு. கேளு. பன்னெண்டாவது நிமிஷம் வந்துச்சு. சுய் மாமா அந்த அலாரம் கடிகாரத்தை அடிச்சாரு.

— அந்தத் துறைமுகத்து சுய்தானே? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தூக்கிட்டு வந்து உன்னைக் கேலி பண்றதுக்குன்னே அடிப்பாரே, அந்த ஆளு?

— அவரேதான். அது அடிச்சதும் என் கால் தானா கோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஆள் மாத்துற போர்டைக் கூட அப்பத்தான் தூக்குறாங்க. சிவப்புல முப்பத்தேழு, பச்சையில எட்டு. எப்பவும்போல எனக்குப் பதிலா மு அண்ணன்.

— மு தியேலின்.

— ஆமா. முப்பத்தாறு வயசு. கோட்டுகிட்ட வந்து நின்னு, எப்பவும்போல என்னைப் பாத்து, 'என்னடா, இடத்தைச் சூடு பண்ணி வெச்சிருக்கியா?'ன்னாரு. எட்டு ஆட்டமா இதே கேள்வி. கேட்டுட்டு ஜாக்கெட் ஜிப்பைச் சர்ருன்னு இறக்கினாரு பாரு…

— என்ன?

— உள்ள ஜெர்சி இல்லை!

— என்னது?

— பனியன் அக்கா! வெறும் பனியன்! விலாவுல ஒரு ஓட்டை வேற. பதினெட்டாயிரம் பேர் முன்னாடி, ஜாக்கெட்டை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, தன் நெஞ்சைத் தானே குனிஞ்சு பாக்குறாரு. மொத்த மைதானமும் அதைப் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சாங்க பாரு, அப்படி ஒரு சிரிப்பு.

— அடக் கடவுளே. அவ்வளவு வருஷம் ஆடினவரு ஜெர்சியையா மறப்பாரு?

— மறந்துட்டாரே! நான் பாட்டுக்கு வெளிய கால் வைக்கப் போறேன், ரெஃப்ரி ஓடிவந்து என்னை உள்ள தள்ளுறாரு. 'மாத்து ஆள் தயாரா இல்லை. அவன் உள்ள வர்ற வரைக்கும் நீதான் ஆட்டக்காரன், போ'ங்கிறாரு. எங்க ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் பாத்துக்கிற பெய் தாத்தா உடைமாத்துற அறைக்கு ஓடினாரு. அங்க இல்லை. 'என் கையால கொக்கியில மாட்டினேன், என் கையால மாட்டினேன்'னு பாவம் அவரு தலையில அடிச்சுக்கிறாரு. ஹாவ் கோச் தண்ணி பாட்டிலை எட்டி உதைச்சாரு, அது அவரோட உதவியாளர் முட்டியிலயே பட்டுது.

— வேற ஒருத்தனை அனுப்ப வேண்டியதுதானே?

— அங்கதான் விஷயம் இருக்கு. பன்னெண்டாவது நிமிஷம் மு அண்ணன்தான் போவாருன்னு எல்லாருக்கும் பழகிப் போச்சுல்ல? பெஞ்சுல ஒருத்தன் கூட பூட்ஸ் போடலை. எல்லாம் செருப்போட உக்காந்திருக்கானுங்க. யாங் காதுல பாட்டு மாட்டியிருக்கான். கோச் அவனைக் கூப்பிடுறாரு, அவன் தலையாட்டிக்கிட்டு இருக்கான்.

— ஹா! நல்லா வேணும் அந்த ஹாவுக்கு!

— இன்னும் கேளு. எதிரணி ஜினான்ல என்னை விடாம ஒட்டிக்கிட்டே நின்னானே ஒரு தடியன், நாலாம் நம்பர், அவனும் எங்க ஆட்டம் எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே வந்திருக்கான்? போர்டுல முப்பத்தேழுன்னு பாத்ததும், இவன் கதை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு தண்ணி குடிக்கப் போயிட்டான். பந்து எனக்கு வந்தப்ப அவன் கையில பாட்டில் இருந்துச்சு.

— அதான் உன் பக்கத்துல யாருமே இல்லையா?

— எட்டு ஆட்டமா என்னை அவமானப்படுத்தின பன்னெண்டாவது நிமிஷம்தான் அக்கா எனக்கு வழி விட்டுச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நேரம் இல்லை, பெய் தாத்தா ஜெர்சியோட வந்துருவாரு, அதுக்குள்ள அடி. அதான் அடிச்சேன்.

— ஏம்மா ஹைலிங்! பத்துக் குச்சி! பிளாஸ்டிக் பையில ஊத்தி பீர் ரெண்டு! இன்னிக்கு என் செலவு, என் சந்தோஷம்! அட, பின்னாடி தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு?

— யாரும் இல்லை சுய் மாமா. என் சித்தப்பா மகன். ஊருலேருந்து வந்திருக்கான்.

— முட்டியில ரத்தத்தோட வந்திருக்கிற சித்தப்பா மகனா? ஏம்மா, முப்பது வருஷமா இந்த மைதானத்துல ஆட்டம் பாக்குறவன்கிட்டயே கதை விடுறியே! டேய் பன்னெண்டு! எந்திரிடா!

— மாமா, கத்தாதீங்க. எல்லாரும் வந்துருவாங்க.

— வரட்டுமே! ரெண்டாவது தடவை ஹாவ் போர்டு தூக்கினானே, இருபத்தோராவது நிமிஷத்துல, அப்ப முதல்ல கத்தினவன் யாருன்னு நினைச்ச? நான்தான்! 'ஹாவ், வகுப்பு முடிஞ்சுது, வீட்டுக்குப் போ!'ன்னு நான் எடுத்துக் குடுத்தேன், மொத்த மைதானமும் பிடிச்சுக்கிச்சு. 'வகுப்பு முடிஞ்சுது! வகுப்பு முடிஞ்சுது!' கோச்சைத் துரத்துறப்ப இந்த ஊரு சத்தம் போடுறதைக் கேட்டவன் எவனும் போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டான். யாங்கைத் திரும்பப் போய் உக்காருன்னுட்டான்ல?

— ஆமா மாமா. கேட்டேன். மயிர்க்கூச்செறிஞ்சுது.

— அப்புறம் எண்பத்திமூணாவது நிமிஷத்துல, ஒண்ணுக்கு ஒண்ணா இருக்கிறப்ப, கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டே வலது ஓரத்துல ஓடி ஒரு பந்து போட்டியே, அதை நம்ம ஆளு தலையால முட்டித் தள்ளினானே… தம்பி, நான் ஒண்ணு சொல்லவா? என்னை மன்னிச்சுரு.

— மாமா, என்ன இது.

— இல்லை, சொல்லணும். எட்டு ஆட்டமா இந்தக் கடிகாரத்தை அடிச்சு உன்னைக் கேலி பண்ணினேன். கிரேன் ஓட்டுற பயலுங்க சிரிக்கணும்னு பண்ணினேன். நீ எவ்வளவு நல்லா ஆடுவன்னு தெரிஞ்சுக்காமலே பண்ணினேன். இந்தா. இனிமே எனக்கு இது எதுக்கு? நீயே வெச்சுக்கோ.

— நிஜமாவே எனக்கா?

— காலையில பயிற்சிக்கு எந்திரிக்க உதவும். சாவி கொஞ்சம் மக்கர் பண்ணும், மெதுவாத் திருப்பணும். கோபம் போச்சா?

— எனக்குக் கோபமெல்லாம் உங்க மேல இல்லை மாமா. அந்த மு அண்ணன் மேலதான்.

— அவனா! ஹா ஹா! முப்பது வருஷத்துல அப்படி ஒரு கூத்தை நான் பாத்ததில்லை. எங்க இடம் பெஞ்சுக்கு நேர் மேலதானே. இந்த ஜூன் மாச வெயில்ல எல்லாப் பயலும் சட்டையைத் தூக்கி விசிறிக்கிட்டு இருக்கான், இவன் மட்டும் கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டுக்கிட்டு வியர்வை ஊத்த ஊத்த உக்காந்திருக்கான். பக்கத்துல இருந்தவன்கிட்ட நான் அப்பவே சொன்னேன், கிழவனுக்கு ஜுரம் போலன்னு. கடைசியில பாத்தா பனியன்! போன்ல போட்டிருக்கான் பாத்தியா? கிளப்பு அவனை ரெண்டாம் அணிக்கு இறக்கிருச்சு. சீசன் முடியிற வரைக்கும்.

— நிஜமாவா?

— ஒழுங்கீனமாம். காண்ட்ராக்டும் இந்த சீசனோட முடியுது, அப்ப அவன் கதை அவ்வளவுதான். சரிம்மா, பத்துக் குச்சியும் கட்டிட்டியா? பயலுங்க காத்துக்கிட்டு இருக்கானுங்க. இங்க உன்னைப் பாத்ததா யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன் தம்பி. பஸ் நிறுத்தத்துல இருக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்றேன்!

— மாமா! … போயிட்டாரு. என்ன மனுஷன் அக்கா இவரு.

— கடிகாரத்தைக் குடுக்கிறப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு, கவனிச்சியா? நீ ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?

— ஒண்ணுமில்லை. ரெண்டாம் அணின்னதும் கொஞ்சம் இதுவா இருக்கு.

— இப்பத்தானே அந்த ஆளு மேல கோபம்னு சொன்ன?

— கோபம்தான். 'இடம் சூடா இருக்கா'ன்னு எட்டுத் தடவை கேட்டவரு. பயிற்சியில நான் பந்தை அவரு கால் இடுக்குல விட்டு எடுத்துட்டுப் போனா, 'இதையெல்லாம் பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள காட்டு ராசா'ம்பாரு. அதனால இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் நான் ஒரு வேலை பண்ணினேன்.

— என்ன பண்ணித் தொலைச்ச?

— அறையில எல்லாரும் என்னைத் தூக்கிப் போட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க. அவரு மூலையில அதே பனியனோட உக்காந்திருக்காரு. நான் நேராப் போயி, 'அண்ணே, இன்னிக்கு உங்க இடம் தொண்ணூறு நிமிஷம் சூடா இருந்துச்சு. உக்காந்து பாருங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

— சீ! என்னடா பேச்சு அது? நான் உன்னை அப்படியா வளத்தேன்?

— வாயில வந்திருச்சு அக்கா.

— அவரு என்ன சொன்னாரு?

— என் காலைப் பாத்தாரு. 'எழுபதுல பிடிச்சுதா? முழு ஆட்டம் ஆடிப் பழக்கமில்லைல. உப்புத் தண்ணி குடி. அடுத்த வாரம் பிடிக்காது'ன்னாரு. அவ்வளவுதான்.

— அடுத்த வாரமா?

— ஆமா, அடுத்த வாரம். அதை நான் உன்கிட்ட இன்னும் சொல்லலை பாரு! கோச் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அடுத்த ஆட்டம் நான்தான். முழுசா! அந்தப் பதினெட்டு வயசுப் பையன் வந்து பெஞ்சுல உக்காரட்டும்னாரு. டிசம்பர்ல எனக்கு இருபத்திரெண்டு ஆனாலும் பரவாயில்லை, உன்னைச் சட்டத்துக்காக இல்லை, ஆட்டத்துக்காகவே எடுத்துக்கிறேன்னாரு!

— ஹைச்செங்! இதை முதல்ல சொல்ல வேண்டாமாடா? என் தலையெழுத்தே, நல்ல தலையெழுத்தே! அடுத்த வாரம் கடையே கிடையாது. முதல் விசிலுக்கே முன்வரிசையில உக்காருவேன். கணவாய் வேணுங்கிறவன் கடலுக்குப் போகட்டும்!

— அழாத அக்கா. புகை பட்டு ஏற்கெனவே கண்ணு சிவந்திருக்கு.

— அழுவேன்டா. என் இஷ்டம். ஆனா நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த மு தியேலின்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கணும். சொல்லிட்டேன். நீ நினைக்கிற மாதிரி ஆளு இல்லை அவரு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி மைதானத்தோட இந்தக் கம்பிவேலி இடுக்கு வழியாக் கையை நீட்டி ரெண்டு குச்சி வாங்கிட்டுப் போவாரு.

— மு அண்ணனா? ஆட்டத்தன்னிக்கா? எங்களுக்கெல்லாம் அவிச்ச முட்டையும் வெறும் நூடுல்ஸும்!

— அவருதான். உன் அக்கான்னு தெரிஞ்சுதான் வருவாரு. போன ஆட்டத்தப்ப கேட்டாரு, 'ஏம்மா, உன் தம்பி ஆடி நீ பாத்திருக்கியா?'ன்னு. இல்லைண்ணே, நான் கடையை மூடிட்டு வர்றதுக்குள்ள நீங்க இறங்கிடறீங்கன்னேன். குச்சியைத் திங்காம திரும்பத் தாளுல சுத்திக்கிட்டாரு. அப்புறம் போயிட்டாரு.

— இதை நீ சொல்லவே இல்லையே.

— சொன்னா நீ அவரை இன்னும் ரெண்டு திட்டு திட்டுவ. அட, நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. அந்த ஐஸ் பெட்டிக்கு அடியில கறுப்புப் பை ஒண்ணு இருக்கு பாரு. எடு. நாளைக்குப் போறப்ப அவருகிட்ட குடுத்துரு. ஆட்டம் முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்னாரு, இன்னும் ஆளைக் காணோம்.

— எந்தப் பை? இதுவா? மூணு முடிச்சு போட்டிருக்கு. கணவாய் வாசம் தூக்குது.

— ஐஸ் தண்ணி உள்ள போயிருக்குமோ? அவுத்துப் பாரு. துணி ஏதாவது இருந்தா நான் அலசிக் குடுக்கிறேன்.

— இரு, அவுக்கிறேன். துணிதான் அக்கா. இது…

— என்னடா? ஏன் இப்படி வெளிறிப் போயிட்ட? என்ன இருக்கு அதுக்குள்ள?

— அக்கா. நீலம். எட்டாம் நம்பர்.

— எட்டா? அப்படின்னா அது…

— இதை எப்பக் குடுத்தாரு? ஆட்டத்துக்கு முன்னாடியா? என்ன சொல்லிக் குடுத்தாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லு அக்கா.

— ஆட்டத்துக்கு முன்னாடிதான்டா, ஜாக்கெட்டைக் கழுத்து வரைக்கும் ஏத்திவிட்டுக்கிட்டு வந்தாரு… 'இதை ஐஸுக்கு அடியில போட்டு வைம்மா, பெய் வந்தாலும் குடுக்காத, நானே வந்து கால்ல விழுந்து கெஞ்சினாலும் ஆட்டம் முடியிற வரைக்கும் குடுக்காத. கடையை மூடிட்டு சீக்கிரம் உள்ள வா, இன்னிக்கு நீ உன் தம்பியைப் பாக்கணும்'னாரு.